மஞ்சள் வரியை நிறுத்தச் சொன்னவள்

போன மாதம் எனக்கு விடை கொடுத்த அன்று, கேக் வெட்டி முடித்து எல்லாரும் தட்டோடு நின்றபோது, புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் என்னிடம் வந்து கேட்டீர்கள்.

"ஆயா, மழ பேஞ்சா போதும், அந்தச் செவப்பு லைனு நிக்காம வந்துகினே கீது. கண்ணு பூத்துப்போவுது. அத்தக் கொஞ்சம் அடக்கிடலாமா? லைப்ரரில ஒரே ஒரு வார்த்தய மாத்தினா போதுமாமே?"

நான் காகிதத் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன். கிழவிக்குக் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை. நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். வேதப்புத்தகம் வாசித்து வாசித்துத் தமிழ் எழுத வரும். உங்கள் வேலையின் உள்விவரம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரு திரையும் ஒரு போனும்தான். ஆனால் நீங்கள் கேட்ட அந்தக் கேள்வியை உங்களுக்கு முன்னால் கேட்டவள் நான். அதனால் பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

அப்போது நம் ஆபீஸ் ஒரகடத்தில் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. பெருக்கவும் துடைக்கவும் டீ வாங்கிவரவும்தான் என்னை வைத்தார்கள். மணிமங்கலத்திலிருந்து படப்பைக்கு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து பஸ், எட்டரைக்கெல்லாம் வந்துவிடுவேன். ஆலைகளில் நாம் மாட்டுகிற பெட்டிகள் வாயு எவ்வளவு, சூடு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அளந்து அனுப்பும். அதெல்லாம் சுவரில் இருந்த பெரிய திரையில் வரி வரியாக ஓடும். ஆங்கிலம் எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனாலும் தினமும் துடைக்கிற திரை, எந்த ஆலையின் வரி எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிட்டது.

ஒரு நாள் ஒரு ஆலையிலிருந்து வரியே வரவில்லை. நான் துடைப்பத்தைப் பிடித்தபடி திரைக்கு எதிரே நின்றுகொண்டே இருந்தேன். முதலாளி சார் பார்த்துவிட்டு, "என்ன எஸ்தரம்மா?" என்றார். விரலால் காட்டினேன். வாயால் சொல்லவில்லை. விசாரித்தால், அங்கே யாரோ பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் செல்போனுக்குச் சார்ஜ் போட்டிருக்கிறார். ஆபீஸே சிரித்தது. "நாளையிலிருந்து பெருக்கி முடிச்சுட்டு இங்க உக்காருங்க. திரையைப் பாருங்க, போன் வந்தா எடுங்க" என்றார் சார். அப்படித்தான் எனக்கு நாற்காலி கிடைத்தது.

திரையில் வருவதை எனக்குப் புரியவைத்தது, பெட்டிக்குச் சாஃப்ட்வேர் எழுதுகிற இசக்கி. இப்போது உங்களுக்கு அவர் பெரிய ஆள். அப்போது வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து, ஸ்ரீபெரும்புதூரில் ஆறு பேரோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார். எல்லாரும் என்னை ஆயா என்றால், அவர் மட்டும் ஆச்சி என்பார்.

"ஆச்சி, பெட்டிக்குள்ள இருக்கிற சாஃப்ட்வேர் வாய் ஓயாமப் பேசும். வெள்ள வரி சும்மா பொலம்பல். பச்ச வரி நடந்த சேதி. மஞ்ச வந்தா, என்னமோ சரியில்ல, ஆனா நான் சமாளிச்சுட்டேங்குதுன்னு அர்த்தம். செவப்பு வந்தா, என்னால ஆகலன்னு அர்த்தம். எதுலேருந்து காட்டணும்னு நாம ஒரு கோடு போட்டுக்கிடலாம். கோட்டுக்குக் கீழ உள்ளது பேசத்தான் செய்யும். நமக்குக் கேக்காது, அவ்வளவுதான்."

அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சாஃப்ட்வேருக்கு லைப்ரரி என்று பேர், அது நம் ஆபீஸில் எழுதியது, ஆனால் விலைக்கு விற்பதில்லை, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம் என்றார். இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தோன்றியது. பிறகு எங்கள் சர்ச்சில் இருக்கும் பெரிய அண்டாக்களை நினைத்துக்கொண்டேன். ஊரில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் எடுத்துப் போவார்கள். பிடி ஆடினால் எடுத்துப்போனவர் பற்றவைத்துக் கொண்டுவந்து வைப்பார். அந்த மாதிரி. எடுத்துப்போனவர் முகம் நமக்குத் தெரியாமலே இருக்கலாம், அது ஒன்றுதான் வித்தியாசம்.

இனி கோபாலைப் பற்றி.

நாம் பெட்டி மாட்டியிருந்த ஆலைகளில் ஒன்றில் கழிவுநீர் எல்லாம் வந்து சேர்வதற்குத் தரைக்கடியில் ஒரு மூடிய தொட்டி உண்டு. சம்ப் என்பார்கள். அதன் அடியில் இருக்கும் பம்பில் துணியும் பிளாஸ்டிக்கும் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் ஆள் இறங்கி எடுக்க வேண்டும். இறங்குகிற ஆள் கோபால். கான்ட்ராக்ட் ஆள், தண்டலத்துக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும்.

அந்த ஆலையில் கான்ட்ராக்ட் ஆட்கள் செல்போனைக் கேட்டிலேயே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நம் செல்போன் ஆப்பில் வாயு நம்பரைப் பார்க்கும் உரிமை கம்பெனி ஆட்களுக்கு மட்டும். சம்புக்குப் பக்கத்து ஷெட்டில் நாம் மாட்டிய சின்னத் திரை வெயிலில் வெந்து கறுத்துப்போய், மாற்றுகிறோம் மாற்றுகிறோம் என்று மாற்றாமலே கிடந்தது. கையில் பிடித்துப் பார்க்கிற மீட்டர் ஒன்று உண்டு. அது சேஃப்டி ஆபீஸர் பீரோவில் பத்திரமாக இருந்தது. இறங்க அனுமதிக் காகிதமும் உண்டு. அதில் கையெழுத்து முதலிலேயே போட்டு வைத்திருப்பார்கள். ஆகையால் கோபால் ஷெட்டிலிருந்த போனில் எனக்கு அடிப்பார். திரையில் இருக்கும் வாயு நம்பரை நான் சொல்வேன். பத்துக்குக் கீழே இருந்தால் இறங்குவார். மேலே இருந்தால் மூடியைத் திறந்துவைத்துவிட்டுக் காத்திருப்பார். எந்தச் சட்டத்திலும் எழுதாத வழக்கம் இது. இரண்டு வருஷம் இப்படியே நடந்தது.

"யக்கா, கோபாலு பேசறேன். நம்மாளு இன்னா சொல்றான்?"

நம்மாளு என்றால் பெட்டி.

"ஆறுப்பா."

"இன்னாக்கா, கொசு பாடற மாதிரி பேசற? வூட்ல சோறு போடலியா?"

"ஆறு. ஆறு."

"ஆங், இது சத்தம். எறங்கி ஏறிட்டு வந்து சொல்றேன்."

ஏறி வந்து மறுபடி அடிப்பார். "வந்துட்டேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார். அந்த ஒரு வார்த்தை கேட்கும்வரை நான் டீ குடிக்கமாட்டேன். இது அவருக்குத் தெரியாது.

பெட்டி மாட்டிய புதிதில் சார் என்னை ஒரு முறை அங்கே கூட்டிப்போனார், நம்பர் சொல்லப்போகிறவள் இடத்தைப் பார்க்கட்டும் என்று. கோபால் மூடியை ஒரு விரற்கடை தூக்கிக் காட்டினார். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று வந்தது. நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன்.

"யக்கா, மூடாத. இந்த நாத்தம் இருந்தா பயமில்ல. ஒதுங்கிப் போயிடலாம். நாறிக்கினே இருந்தது திடீர்னு நாறலன்னு வெச்சுக்க, அப்பதான் பயப்படணும். வாயு ஜாஸ்தியாச்சுன்னா மொதல்ல மூக்கத்தான் சாவடிக்கும். மூக்கு செத்தது நமக்குத் தெரியாது. காத்து சுத்தமாயிட்ச்சுன்னு நெனச்சுக்கினு எறங்குவோம். எங்க மாமன் ஒருத்தன் அப்படித்தான் போய்ட்டான்."

பத்துப் பேர் பாடம் எடுத்தாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. சொன்ன ஆள் அவர். கேட்ட ஆள் நான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மூன்றாவது வருஷம் மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. ஆலைகளில் ஒயர் போன வழியெல்லாம் தண்ணீர். திரை முழுக்க மஞ்சள். அளக்கிற கருவி பதில் தர ஒரு நொடி தாமதித்தால் மஞ்சள், இரண்டாவது தடவை கேட்டு வாங்கினால் மஞ்சள், மூன்று தடவை கேட்டும் பதில் வராமல் கடைசியாக வந்த பழைய நம்பரையே காட்டினாலும் மஞ்சள். மூன்றுக்கும் ஒரே நிறம். வரியைப் படித்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் என்னால் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அது மேலே ஏறிப் போய்விடும். பச்சை வரி எங்கே, சிவப்பு எங்கே என்றே தெரியவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் கண்ணை மூடினாலும் மஞ்சளாக ஓடியது.

இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு இசக்கியின் மேசைப் பக்கம் போய் நின்றேன். நான் நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியவே கொஞ்ச நேரமானது.

"என்ன ஆச்சி?"

"அந்த மஞ்ச... அதக் கொஞ்சம் நிறுத்த முடியுமாப்பா?"

"ஏன், கண்ணு வலிக்கா?"

"வலிக்குது. ஒண்ணும் தெரியல."

அவர் சிரித்தார். "எனக்கும் எரிச்சலாத்தான் இருக்கு. வெளிநாட்டுலேருந்துகூட நாலு பேரு இதச் சொல்லிக் கேட்டிருக்காவ. இருங்க." ஒவ்வொரு பெட்டியாகப் போய்க் கோட்டை நகர்த்துவதற்குப் பதிலாக லைப்ரரியிலேயே நகர்த்திவிட்டார். மஞ்சளிலிருந்து காட்டு என்று இருந்ததைச் சிவப்பிலிருந்து காட்டு என்று மாற்றினார். ஒரே ஒரு வார்த்தை. நான் பின்னால் நின்று பார்த்தேன், டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. முகம் தெரியாத யார் யாரோ அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள் என்று சொன்னார்.

இரண்டு நாளில் எல்லாப் பெட்டியிலும் புதிது ஏறிவிட்டது. திரை அமைதியானது. துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி இருந்தது. மறுநாள் நான் வீட்டிலிருந்து வஞ்சிரம் வறுத்து இசக்கிக்குக் கொண்டுபோனேன். "இதுக்காகவே இன்னும் நாலு வரிய நிறுத்தலாம் போலிருக்கே ஆச்சி" என்று விரலைச் சூப்பினார். அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

அந்த நாளைச் சொல்கிறேன்.

முந்தின நாள் நல்ல மழை. காலையில் நான் வழக்கம்போல நோட்டில் மணிக்கு ஒரு தடவை நம்பர் எழுதிக்கொண்டு வந்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை, திரையில் போனது போய்விடுகிறதே என்று நானாக எழுதுவது. கோபாலின் சம்புக்கு எப்போதும் மூன்று, ஆறு, ஐந்து, எட்டு என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அன்று எட்டரைக்கு நாலு. ஒன்பதரைக்கு நாலு. பத்தரைக்கு நாலு. இதென்ன இது என்று நடுவில் பத்தே முக்காலுக்கும் பார்த்தேன். நாலு.

பதினோரு மணிக்குச் சார் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். புதிதாக நம் பெட்டியை வாங்கப்போகிற ஆலைக்காரர்கள், எல்லாரும் டை கட்டியவர்கள். திரையைக் காட்டி, "பாருங்க, எத்தனை பிளான்ட் ஓடுது, ஒரு வார்னிங் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் நாற்காலியை ஓரமாக இழுத்துக்கொண்டேன். போன் அடித்தது.

"யக்கா, கோபாலு. பம்புல துணி சிக்கிக்கிச்சு. எறங்கணும். நம்மாளு இன்னா சொல்றான்?"

"நாலு."

"இன்னா? கேக்கலக்கா."

"நாலு."

"நாலா, சரி. அதான பாத்தேன். காத்தால மூக்கப் பொளந்துச்சுக்கா நாத்தம். இப்ப மூடியத் தொறந்தா வாசனையே இல்ல. மழத்தண்ணி கலந்துகிச்சு போல. நம்பரும் சரியாத்தான் கீது."

என் கை நோட்டின் மேல் இருந்தது. நாலு நாலு நாலு நாலு என்று என் கையெழுத்து என்னையே பார்த்தது. இறங்காதே என்ற சொல் தொண்டைவரை வந்தது. இது பொய்யல்ல. தொண்டையில் அது நின்ற இடம் இன்றுவரை எனக்குத் தெரியும்.

"கோபாலு" என்றேன்.

"இன்னாக்கா?"

சார் திரும்பிப் பார்த்தார். டை கட்டியவர்களும் பார்த்தார்கள். என்ன சொல்வேன்? நம்பர் அசையவில்லை என்றா? திரை சுத்தமாக இருக்கிறது, சிவப்பு இல்லை, படித்தவர்கள் செய்த பெட்டி நாலு என்கிறது. ஐந்தாம் வகுப்புக்காரி இவ்வளவு பேர் முன்னால் அது பொய் சொல்கிறது என்று சொல்லி, அது பொய்யில்லை என்று ஆகிவிட்டால்?

"ஒண்ணுமில்லப்பா. பாத்து எறங்கு."

"சரிக்கா. ஏறி வந்து சொல்றேன்."

அடுத்த தடவை போன் அடித்தபோது எடுத்தேன். பேசியது கேட் செக்யூரிட்டி.

கோபால் ஏணியின் நாலாவது படியிலேயே விழுந்திருக்கிறார். மேலே நின்ற ஆள் தூக்கப் போய், இரண்டு படி இறங்கித் தலை சுற்றி, செக்யூரிட்டி அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். தீயணைப்பு வண்டி வந்து கோபாலை வெளியே எடுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். சம்பின் ஒயரில் தண்ணீர் இறங்கி, முந்தின நாள் இரவே கருவி செத்துப்போயிருந்தது. அது சாவதற்கு முன் கடைசியாகச் சொன்ன நம்பர் நாலு. பதில் இல்லை, பழைய நம்பர்தான் காட்டுகிறேன் என்று பெட்டி ஒவ்வொரு நிமிஷமும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நாங்கள் கோட்டை நகர்த்தியிருந்தோம். எங்களுக்குக் கேட்கவில்லை.

சார் அன்று மாலை, திரையில் ஓடிய வரிகளைச் சேர்த்துவைக்கும் லாக் என்ற பதிவு முழுவதையும் தேடிப் பார்த்தார். "நம்ம லாக் சுத்தமா இருக்கு. ஒரு எரர் இல்லை, ஒரு வார்னிங் இல்லை. பர்மிட் ஒழுங்கா பார்க்காம ஆளை இறக்கினது அவங்க தப்பு" என்றார். அவரைக் கெட்டவர் என்று எழுதமாட்டேன். பன்னிரண்டு பேர் வீட்டில் அடுப்பு எரிவது அந்த இரண்டு அறையால். இசக்கியை உள்ளே கூப்பிட்டு, நகர்த்திய கோட்டைப் பற்றிய பழைய பதிவை எடுத்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறார். மூன்றாம் நாள் விசாரணைக்கு அதிகாரி வருவதாக இருந்தது.

நான் வீட்டுக்குக் கிளம்பும்போது இசக்கி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். கீழே டயர் கடையில் காற்று அடிக்கும் சத்தம்.

"ஆச்சி, அது பொதுவுல கெடக்குற லைப்ரரி. எவன் மாத்தினான், என்னைக்கு மாத்தினான், எதுக்கு மாத்தினான் எல்லாம் அதுலயே எழுதியிருக்கும். நான் அழிச்சிரலாம். ஆனா ஏற்கெனவே எத்தனையோ பேரு எடுத்துட்டுப் போயிட்டாவ. அவங்ககிட்ட இருக்கும்லா."

"எதுக்குன்னு இன்னா எழுதின?"

செல்போனைத் திறந்து காட்டினார். ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழில் சொல்லச் சொன்னேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"திரையைப் பார்க்கிறவங்க கேட்டுக்கிட்டதால, சத்தம் குறைக்கப்பட்டது."

உலகம் பூராவும் படிக்கிற இடத்தில், பெயரில்லாமல் நான் இருந்தேன்.

"ஆச்சி, மாத்தினது நான்தான். ஒங்களுக்கு இதுல என்ன தெரியும்? அதிகாரி வந்தா நீங்க வாயத் தொறக்க வேண்டாம்."

"வாயத் தொறக்காததுலதாம்ப்பா அந்தாளு போய்ட்டாரு" என்றேன். இவ்வளவு நீளமாக நான் அந்த ஆபீஸில் பேசியது அதுதான் முதல் தடவை.

இரண்டு இரவு ஜெபம் பண்ணிப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தது, தைரியம் கேட்க வரவில்லை. மூன்றாம் நாள் அதிகாரி வந்து சாரோடு பேசிக்கொண்டிருந்தபோது டீ கொண்டுபோன நான், டம்ளர்களுக்குப் பக்கத்தில் என் நோட்டையும் வைத்தேன். அவர் புரட்டினார். நாலு நாலு நாலு நாலு.

"யாரும்மா எழுதினது?"

"நான்தாங்கய்யா. நம்பர் அசையல. பாத்தேன். போன்ல வாசனையே இல்லன்னு சொன்னாரு. அப்படின்னா ஆபத்துன்னு எனக்குத் தெரியும், அவரே சொல்லிக் கொடுத்தது. ஆனா சொல்லல. மஞ்ச வரிய நிறுத்தச் சொன்னதும் நான்தான்."

கொசு பாடுகிற மாதிரிதான் சொன்னேன். ஆனால் அறையில் வேறு சத்தம் இல்லை. சார் தலையைக் குனிந்துகொண்டார். கதவோரம் நின்ற இசக்கி உள்ளே வந்து, தன் செல்போனில் அந்தப் பழைய பதிவைத் திறந்து நோட்டின் மேல் வைத்தார்.

அந்த ஆலை நம் பெட்டிகளைக் கழற்றி அனுப்பிவிட்டது. அன்று வந்த டை கட்டியவர்கள் திரும்பி வரவில்லை. நம் ஆபீஸில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போக வேண்டியதாயிற்று. வழக்கு இன்னும் நடக்கிறது. சேஃப்டி ஆபீஸர் இன்னொரு கம்பெனிக்கு மாறிவிட்டார். சார் என்னை வெளியே அனுப்பவில்லை, மூன்று மாதம் என் கையால் டீ வாங்கிக் குடிக்கவில்லை, அவ்வளவுதான். உண்மையைச் சொன்னதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். எதுவும் சரியாகவில்லை.

முப்பதாம் நாள் காரியம் முடிந்த பிறகு தண்டலத்துக்குப் போனேன். கோபாலின் மனைவி மல்லிகா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொல்ல வாய் வரவில்லை, "மல்லிகாதானம்மா?" என்று மட்டும் கேட்டேன். என் குரலைக் கேட்டதும் அவளே கண்டுபிடித்தாள்.

"கொசு அக்காவா? உன்னப் பத்திச் சொல்லிக்கினே இருக்கும் அது."

உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன்.

"கடைசியா உங்கிட்டதான் பேசிச்சாமே. இன்னா சொல்லிச்சு?"

நான் மறைக்காமல் சொன்னேன். நம்பர் அசையாததை, வாசனை இல்லை என்று அவர் சொன்னதை, நான் பெயரைக் கூப்பிட்டுவிட்டு ஒண்ணுமில்லை என்று சொன்னதை. முறத்தில் இருந்த அரிசியை அவள் விரலால் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"அதுக்கும் தெரிஞ்சிகீது. உனுக்கும் தெரிஞ்சிகீது" என்றாள். "அந்த மிஷினுக்கு மட்டும்தான் தெரியல. நீங்க ரெண்டு பேரும் போயி அத்தக் கேட்டுக்கினு இருந்தீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை. நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போக எனக்கு முகம் இல்லை.

மறுநாள் இசக்கியிடம் போய் நின்றேன். இந்த முறை அவர் பார்ப்பதற்கு முன்பே பேசினேன்.

"பழைய நம்பரக் காட்டவே கூடாதுப்பா. பதில் வரலன்னா அங்க ஒண்ணும் இருக்கக் கூடாது. காலியா இருக்கணும். அந்த வரி செவப்பா வரணும்."

"அப்படிச் செஞ்சா நெறைய பேருக்கு அவங்கவங்க புரோகிராம் ஒடஞ்சிரும் ஆச்சி. திட்டுவாவ."

"ஒடையட்டும்."

அவர் அன்றைக்கே உட்கார்ந்து மாற்றினார். எதற்கு மாற்றினேன் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டார். இந்த நம்பரை நம்பி ஒரு ஆள் இறங்கினார் என்று எழுதச் சொன்னேன். அப்படியே எழுதினார். இசக்கி சொன்னபடியே திட்டினார்கள். எந்த ஊரிலிருந்தோ ஒருவர், இந்தச் சிவப்பு அதிகப்படி, இதை மஞ்சளாக்கிவிடுங்கள் என்று மரியாதையாகக் கேட்டு எழுதியிருந்தார். எதற்கு மாற்றினோம் என்று எழுதிய அந்த வரியை முழுசாகப் படித்தீர்களா என்று மட்டும் பதில் எழுதச் சொன்னேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

ஆகவே, பிள்ளைகளே, நீங்கள் கேட்டதற்கு என் பதில்: வேண்டாம். மழையில் அந்தச் சிவப்பு நிற்காமல் வருகிறதென்றால் எங்கோ ஒயரில் தண்ணீர் இறங்குகிறது. அதைப் போய்ப் பாருங்கள். கண் எரிந்தால் அரை மணிக்கு ஒருவர் மாற்றி மாற்றி உட்காருங்கள். சாரிடம் கேட்டால் ஆள் தருவார், இப்போது தருவார். கோட்டை மட்டும் நகர்த்தாதீர்கள். அது எவ்வளவு சுலபம் என்று நான் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. நம்பர் அசையவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், தோன்றியது சரியா தப்பா என்று யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள். அறையில் யார் இருந்தாலும் போனை எடுங்கள். அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஷெட்டில், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, நீங்கள் சொல்வதற்காக ஒருவர் நின்றுகொண்டிருப்பார். விளக்கம் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், காரணம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். முதலில் சத்தமாகச் சொல்லுங்கள்:

"எறங்காத."